பிணைவதெல்லாம் மருந்தாகுமா?

டி.என்.ஏ.வைத் தாக்கும் மருந்துகள் புற்றுநோய் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. சிஸ்பிளாட்டின் 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாக்சோரூபிசின் அதற்கும் முன்பிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் ஒரே குறை: எந்தச் செல்லின் டி.என்.ஏ. என்று பார்த்து அவை தாக்குவதில்லை. கட்டியில் பெருகும் செல்லும் ஒன்றுதான், குடலின் உட்சுவரில் பெருகும் செல்லும் ஒன்றுதான். முடி கொட்டுவதும், ஓயாத வாந்தியும், வெள்ளணுக்கள் சரிவதும் அதனால் வருபவை.

இந்தக் குறையைத் தீர்க்க முடியும் என்ற எண்ணம் முப்பது ஆண்டுகளாக வேதியியலாளர்களை விடாமல் ஈர்த்து வருகிறது. டி.என்.ஏ. எப்போதும் இரட்டைச் சுருளாகவே இருப்பதில்லை. சில இடங்களில் நான்கு இழைகளாக மடிந்து நிற்கிறது. ஜி-குவாட்ருப்ளெக்ஸ் எனப்படும் இந்த மடிப்பை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளைச் செய்துவிட்டால், டி.என்.ஏ. மருந்துகளுக்கு இதுவரை வாய்க்காத தேர்ந்தெடுக்கும் திறன் வாய்க்கும். இந்த நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் உருவாக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுகூட இன்னும் நோயாளிகளுக்கான அனுமதியைப் பெறவில்லை.

எண்ணம் அழகானது. வேதியியல் திறமையானது. உழைப்புக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்ததற்கு முக்கியக் காரணம், இந்தத் துறை எதை வெற்றி என்று அளந்தது என்பதுதான்.

நான்கு குவானின்கள் சேரும்போது

குவானிலிக் அமிலத்தின் அடர்கரைசல் கூழாக இறுகிவிடுவதை இவார் பாங் 1910-லேயே குறித்து வைத்தார். காரணம் விளங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1962-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த மார்ட்டின் கெல்லர்ட், மேரி லிப்செட், டேவிட் டேவிஸ் மூவரும் எக்ஸ்-கதிர்ச் சிதறலின் துணையோடு விடை கண்டார்கள். நான்கு குவானின்கள் ஒரே தளத்தில் சதுரமாக அமர்ந்து, தங்களுக்குள் 8 ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. இட்லிக் கொப்பரையின் தட்டுகள் நடுத்தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதைப்போல இந்தச் சதுரங்கள் அடுக்காகின்றன. நடுத்தண்டின் இடத்தில் பொட்டாசியம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் இருந்தால் அடுக்கு உறுதியாக நிற்கும். சோடியத்தில் சற்றுத் தளர்வாக நிற்கும். லித்தியம் எந்த உதவியும் செய்யாது.

குவானின் அடுத்தடுத்து வரும் இடங்களில்தான் இந்த மடிப்பு உருவாக முடியும். மரபணுத்தொகுதியில் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். குரோமோசோம்களின் முனையில் இருக்கும் டெலோமியர், டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்துச் சொல்லை ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதியதுதான். பல புற்றுநோய்களைத் தூண்டும் சி-மிக் மரபணுவை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் குவானின் கொத்துகள் உண்டு. 2015-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சங்கர் பாலசுப்பிரமணியன் குழு, மனித டி.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுத்து, மடிப்பு விழும் இடங்களில் வரிசைப்படுத்தும் நொதி முட்டி நிற்பதைக் கணக்கிட்டது. 7,16,310 இடங்கள் கிடைத்தன. அடுத்த ஆண்டு அதே குழு, செல்லுக்குள் குரோமாட்டினாகச் சுருண்டிருக்கும் டி.என்.ஏ.வில் எத்தனை மடிப்புகள் உண்மையில் இருக்கின்றன என்று பார்த்தது. விடாமல் பெருகும் தன்மை பெற்ற தோல் செல்களில் சுமார் 10,000. இயல்பான தோல் செல்களில் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சோதனைக் குழாயில் மடியக்கூடியதில் மிகச் சிறு பகுதியே செல்லில் மடிகிறது. மடிந்ததையும் பிஐஎஃப்-1, டபிள்யூஆர்என், பிஎல்எம் போன்ற ஹெலிகேஸ் நொதிகள் அவிழ்த்துக்கொண்டே இருக்கின்றன. அவிழாமல் நின்றால் டி.என்.ஏ. நகலெடுப்பு அங்கே தடைபடும், இழை அறுபடவும் கூடும். மருந்து தேடுவோருக்குச் சாதகமும் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கின்றன.

முதல் கணக்கு

தொடக்கத்தில் எல்லோருடைய கண்ணும் டெலோமியர்மேல்தான் இருந்தது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் டெலோமியர் தேய்கிறது. டெலோமரேஸ் என்ற நொதி அதை மீண்டும் நீட்டித் தருகிறது. உடலின் பெரும்பாலான இயல்பான செல்களில் இந்த நொதி ஓய்ந்திருக்கும். புற்றுநோய்க் கட்டிகளில் 85 முதல் 90 சதவீதம் வரை அது விழித்திருக்கும். டெலோமியர் முனை நான்கிழையாக மடிந்தால் நொதியால் அதைப் பற்ற முடியாது என்று தாமஸ் செக்கின் ஆய்வகம் 1991-ல் காட்டியது. அப்படியானால் மடிப்பை ஒரு மூலக்கூறால் இறுக்கிப் பூட்டிவிட்டால் புற்றுச் செல் தேய்ந்து சாகும் அல்லவா? 1997-ல் ஸ்டீபன் நீடில், லாரன்ஸ் ஹர்லி குழுவினர் ஆந்த்ராகுயினோன் வகையைச் சேர்ந்த ஒரு மூலக்கூறு டெலோமரேஸைத் தடுப்பதைக் காட்டினார்கள். துறை பிறந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் நட்சத்திர மூலக்கூறுகள் வரிசையாக வந்தன. நீடிலின் பிராக்கோ-19 அக்ரிடின் வகையைச் சேர்ந்தது. ஜப்பானில் கசுவோ ஷின்-யா குழு 2001-ல் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவிலிருந்து டெலோமெஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தது. ஏழு ஆக்சசோல் வளையங்களும் ஒரு தயசோலின் வளையமும் வட்டமாகக் கோத்த தட்டையான மூலக்கூறு அது. குவானின் சதுரத்தின் மேல் கச்சிதமாகப் படிந்து உட்காரும். மருந்து வேதியியலாளர்கள் வரைபலகையில் ஆசைப்பட்டதைப் பாக்டீரியா ஏற்கெனவே செய்து வைத்திருந்தது.

ஆனால் கணக்கு இரண்டு இடங்களில் இடித்தது.

முதலாவது, காலம். டெலோமியர் தேய்ந்து செல் சாக வேண்டுமானால் பல பத்து முறை செல் பிரிய வேண்டும். இந்த மூலக்கூறுகள் பட்ட செல்கள் பலவும் சில நாட்களிலேயே சாயத் தொடங்கின. டெலோமியர் முனையைப் போர்த்திக் காக்கும் பிஓடி-1, டிஆர்எஃப்-2 புரதங்கள் நழுவிவிட, அம்பலமான முனையைச் செல் தன் டி.என்.ஏ.வில் விழுந்த முறிவாக எடுத்துக்கொண்டது என்று பின்னர் தெரியவந்தது. டெலோமரேஸ் தடுக்கப்பட்டதா இல்லையா என்பது சாவுக்கான காரணத்தில் பின்வரிசைக்குப் போயிற்று.

இரண்டாவது, அளந்த முறை. டெலோமரேஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோரும் டிராப் என்ற சோதனையை நம்பினார்கள். நொதி நீட்டிய டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். மூலம் பெருக்கிக் காட்டும் சோதனை அது. 2007-ல் பிரான்சின் ஜான்-லூயி மெர்ஞி முதலானோர், இந்த மூலக்கூறுகள் பி.சி.ஆர். படியையே தடுத்துவிடுவதை வெளிக்கொணர்ந்தார்கள். பெருக்கம் நின்றதை டெலோமரேஸ் நின்றதாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். பி.சி.ஆர். இல்லாத நேரடிச் சோதனையில் பார்த்தபோது தடுக்கும் திறன் வெகுவாகக் குறைந்தது. பத்து ஆண்டுகால வெளியீடுகளில் அச்சான எண்களில் பலவற்றை மறுபடி எடைபோட வேண்டியதாயிற்று. தன் அடிப்படைச் சோதனையையே கூண்டிலேற்றிய அந்தக் கட்டுரை இத்துறையின் நேர்மைக்குச் சான்று. அவ்வளவு தாமதமாக அது வந்தது துறையின் குறைக்கும் சான்று.

கருவியாகக் கண்ட வெற்றி

மருந்தாக இன்னும் வெல்லாத இந்த மூலக்கூறுகள், ஆய்வுக் கருவியாகப் பெரிய வெற்றி கண்டவை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

2008-ல் பாலசுப்பிரமணியன் ஆய்வகத்தில் உருவான பைரிடோஸ்டாட்டின் இதற்கு நல்ல உதாரணம். சென்னையில் 1966-ல் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குச் சென்ற இந்த வேதியியலாளரை உலகம் பெரும்பாலும் சொலெக்சா டி.என்.ஏ. வரிசைப்படுத்தும் முறையின் இணைக் கண்டுபிடிப்பாளராகவே அறியும். நான்கிழை டி.என்.ஏ.வுக்காக அவர் செலவிட்ட ஆண்டுகளும் குறைவல்ல. 2012-ல் அவருடைய குழுவினர் பைரிடோஸ்டாட்டினைச் செல்களுக்குக் கொடுத்து, எந்த மரபணுக்களில் முறிவு விழுகிறது என்று தேடினார்கள். எஸ்ஆர்சி என்ற புற்றுநோய் மரபணு தட்டுப்பட்டது. முன்முடிவு எதுவுமின்றி, மூலக்கூறையே வழிகாட்டியாக வைத்துப் போய்ச் சேர்ந்த இடம் அது. 7,16,310 என்ற எண்ணைத் தந்த சோதனையிலும் மடிப்புகளை நிலைநிறுத்தியது இதே பைரிடோஸ்டாட்டின்தான்.

2013-ல் அதே குழு பிஜி-4 என்ற ஆன்டிபாடியால் மனிதச் செல்லுக்குள் இந்த மடிப்புகள் புள்ளி புள்ளியாக ஒளிர்வதைப் படம் பிடித்தது. பொட்டாசியம் குடுவையில் மட்டும் தோன்றும் வேதியியல் விந்தை என்று ஒதுக்கியவர்களுக்கு அந்தப் படம் பதிலாக அமைந்தது. நிலைப்படுத்திய செல்களில் ஆன்டிபாடியே மடிப்பைத் தூண்டியிருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. அதற்கும் 2020-ல் ஒரு விடை வந்தது: ஒளிரும் சாயம் ஏற்றிய பைரிடோஸ்டாட்டின் வகை மூலக்கூறை, மடிப்புகளின் சமநிலையைக் குலைக்காத அளவுக்கு மிகக் குறைவாகக் கொடுத்து, உயிருள்ள செல்லில் மடிப்புகள் தோன்றி மறைவதை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

வடிவத்தைக் கொண்டு டி.என்.ஏ.வை அடையாளம் காண முடியும் என்ற மூலக் கருத்து இப்படி உறுதிப்பட்டுவிட்டது. குவானின் சதுரம், சாதாரண எழுத்து இணையைவிடப் பரப்பில் மிகப் பெரியது. அதன் அளவுக்கு ஏற்ற அகலமான தட்டை மூலக்கூறு இரட்டைச் சுருளின் இணைகளுக்கு நடுவே எளிதில் நுழைய முடியாது. பிரான்சில் உருவான ஃபென்-டிசி-3, இரட்டைச் சுருளைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் நான்கிழையை இறுகப் பற்றுகிறது. டி.என்.ஏ. வேதியியலில் இது சாதாரணச் சாதனை அல்ல.

அளவுகோலின் கோளாறு

குறை எங்கே புகுந்தது என்பதைக் காண, இத்துறையின் அன்றாடச் சோதனை ஒன்றைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டெலோமியரின் 21 எழுத்துத் துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் சாயம். துண்டு மடிந்திருக்கும்போது இரு முனைகளும் நெருங்கி நிற்பதால் ஒளி அமுங்கும். மெல்லச் சூடேற்றினால் மடிப்பு அவிழ்ந்து முனைகள் விலகும், ஒளி எழும். மருந்து சேர்த்த பிறகு அவிழ்வதற்குக் கூடுதலாக எத்தனை டிகிரி வேண்டியிருக்கிறது என்பதே மதிப்பெண். 20 டிகிரி ஏறினால் மகிழ்ச்சி, 30 ஏறினால் கட்டுரை.

சோதனை எளியது, மலிவானது, ஒரே நாளில் பல மூலக்கூறுகளைச் சலித்துவிடலாம். அதன் தகுதியே அதன் வரம்பும்கூட. மடிப்பு முன்கூட்டியே மிக உறுதியாக இருந்தால் மருந்தின் பங்கு தெரியாது என்பதால், பலரும் 10 மில்லிமோலார் பொட்டாசியத்தோடு 90 மில்லிமோலார் லித்தியம் கலந்த கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். செல்லுக்குள் பொட்டாசியம் 140 மில்லிமோலார் அளவில் இருக்கிறது, லித்தியம் இல்லை. ஹிஸ்டோன் இல்லை, ஹெலிகேஸ் இல்லை, மற்ற ஆயிரக்கணக்கான மடிப்புகள் இல்லை. இந்தச் சூழலில் பெற்ற டிகிரிகளைச் செல்லுக்குள் மூலக்கூறு எங்கே போகும் என்பதற்கான முன்னறிவிப்பாக வாசித்ததுதான் தவறு.

தேர்ந்தெடுக்கும் திறன் என்ற சொல்லும் இரண்டு பொருளில் குழம்பிக் கிடக்கிறது. இரட்டைச் சுருளை விட்டு நான்கிழையைப் பற்றுவது ஒன்று. 10,000 நான்கிழைகளில் சி-மிக்கின் மடிப்பை மட்டும் பற்றுவது வேறொன்று. முதலாவதை இத்துறை ஓரளவு வென்றுவிட்டது. இரண்டாவதை வெல்லவில்லை. எல்லா மடிப்புகளின் உச்சியிலும் இருப்பது அதே குவானின் சதுரம். அதன்மேல் படியும் மூலக்கூறுக்கு இது எந்த மரபணு என்று தெரிய வழியில்லை. இழைகளுக்கு நடுவே தொங்கும் வளைவுகளும் பள்ளங்களும் மடிப்புக்கு மடிப்பு வேறுபடுகின்றன. அவற்றைத் தொடும் மூலக்கூறுகளே தனித்தன்மை பெற முடியும்.

டிஎம்-பை-பி-4 என்ற போர்ஃபிரின் மூலக்கூறின் கதை இந்தக் குழப்பத்துக்கு உதாரணம். 2002-ல் ஹர்லி குழு, சி-மிக் கட்டுப்பாட்டுப் பகுதியின் நான்கிழை மடிப்பு அந்த மரபணுவை அடக்கி வைக்கும் பூட்டு என்றும், இந்தப் போர்ஃபிரின் அந்தப் பூட்டை இறுக்குகிறது என்றும் காட்டியது. சிந்தனையை டெலோமியரிலிருந்து மரபணுக்களின் பக்கம் திருப்பிய முக்கியமான ஆய்வு அது. ஆனால் டிஎம்-பை-பி-4 இரட்டைச் சுருளையும் நன்றாகவே பற்றும். அதைக் கொடுத்ததும் ஒரு மரபணு அடங்கியது என்பதிலிருந்து, அந்த மரபணுவின் நான்கிழை மடிப்பே காரணம் என்று முடிவு கட்டிய கட்டுரைகள் அதன்பின் குவிந்தன. காரணமும் விளைவும் அவ்வளவு எளிதில் பொருந்திவிடுவதில்லை.

வடிவத்தை வைத்து மருந்தை வரைவதிலும் இதே அவசரம் இருந்தது. மனித டெலோமியர் மடிப்பின் படிக அமைப்பை நீடில் குழு 2002-ல் வெளியிட்டபோது நான்கு இழைகளும் ஒரே திசையில் ஓடின, வளைவுகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. மேலும் கீழும் தட்டையான திறந்த முகம். மூலக்கூறு உட்கார வசதியான இருக்கை. 2006 வாக்கில் பொட்டாசியக் கரைசலில் பார்த்த குழுக்கள், மூன்று இழைகள் ஒரு திசையிலும் ஒன்று எதிர்த்திசையிலும் ஓடும் கலப்பு வடிவத்தைக் கண்டன. அதே டி.என்.ஏ., சூழலுக்கு ஏற்ப வேறு முகம் காட்டுகிறது. ஒரே படிகத்தைப் பார்த்துத் தைத்த சட்டை எல்லா உடலுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

மருத்துவமனை வாசலில்

மனிதர்களிடம் முதலில் வந்து சேர்ந்தது குவார்ஃப்ளாக்சின். அமெரிக்காவின் சான் டியகோவில் இருந்த சைலீன் நிறுவனம் இதை உருவாக்கியது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினோலோன் ஆன்டிபயாட்டிக்குகளின் வழித்தோன்றல் இது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களின் நான்கிழை மடிப்பில் நியூக்ளியோலின் புரதம் ஒட்டுவதை இது கலைக்கிறது என்று விளக்கம் தரப்பட்டது. நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளில் இரண்டாம் கட்டச் சோதனை வரை போனது. ரத்தத்தில் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு, கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேராததால் அதற்குமேல் போகவில்லை.

ஆர்எச்பிஎஸ்-4 என்ற மற்றொரு மூலக்கூறு எலிகளில் கட்டிகளை நன்றாகவே சுருக்கியது. ஆனால் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஹெர்க் என்ற பொட்டாசிய வாயிலை அது தடுத்ததால் மனிதர்களிடம் கொண்டுபோக முடியவில்லை. நேர்மின்னேற்றம் கொண்ட தட்டை மூலக்கூறு என்ற அதே வடிவம், டி.என்.ஏ.வுக்குப் பிடித்ததைப்போல இதயத்தின் வாயிலுக்கும் பிடித்துவிட்டது. நரம்புச் செல்களிலும் எச்சரிக்கை மணி ஒலித்தது: 2020-ல் வந்த ஓர் ஆய்வில், நான்கிழை மடிப்பை இறுக்கும் மூலக்கூறு கொடுக்கப்பட்ட எலிகளுக்கு நினைவாற்றல் குறைந்தது. செல்லின் கழிவு அகற்றும் பணிக்குத் தேவையான ஏடிஜி-7 மரபணு நரம்புச் செல்களில் அடங்கிப்போனதையும் அதே ஆய்வு காட்டியது.

சைலீனில் பிறந்த இன்னொரு மூலக்கூறு சிஎக்ஸ்-5461. இப்போது பிட்னாருலெக்ஸ் என்ற பெயருடன் தைவானின் சென்வா நிறுவனத்திடம் இருக்கிறது. இத்துறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிவது இதில்தான்.

முதலில் இதை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-1 தடுப்பானாகவே அறிமுகப்படுத்தினார்கள். 2017-ல் கனடா ஆய்வாளர்கள் வேறொரு முகத்தைக் காட்டினார்கள்: பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 மரபணுக்கள் கெட்டுப்போன செல்களை இது குறிவைத்துக் கொல்கிறது. அறுபட்ட டி.என்.ஏ.வைப் பிழையின்றி ஒட்டும் வேலைக்கு அந்த மரபணுக்கள் இன்றியமையாதவை. அவை இல்லாத செல்லில் நான்கிழை மடிப்பை இறுக்கி முறிவுகளை உண்டாக்கினால், செல்லுக்கு மீள வழியில்லை. இயல்பான செல்லோ ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடும். எந்த மடிப்பைப் பற்றுவது என்ற தீராத சிக்கலை ஒதுக்கிவிட்டு, எந்தக் கட்டியைத் தாக்குவது என்ற கேள்விக்குத் துறையை நகர்த்தியதே இந்த ஆய்வின் பெரும்பேறு.

கனடாவில் நடந்த முதல் கட்டச் சோதனையின் முடிவுகள் 2022-ல் வெளியாயின. மற்ற சிகிச்சைகள் கைவிட்ட நிலையில் இருந்த 40 பேருக்கு, சதுர மீட்டருக்கு 50 முதல் 650 மில்லிகிராம் வரை பத்துப் படிகளில் மருந்து தரப்பட்டது. 14 சதவீதத்தினரிடம் கட்டி சுருங்கியது. அவர்களில் பெரும்பாலோர் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் திறன் இழந்த கட்டிகளைக் கொண்டவர்கள். சில நோயாளிகளிடம் மருந்து முதலில் வேலை செய்து பின் தோற்றபோது, கட்டியின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். கெட்டிருந்த பிஆர்சிஏ-2, பிஏஎல்பி-2 மரபணுக்களில் புதிய மாற்றம் விழுந்து, அவை மறுபடி வேலை செய்யும் நிலைக்குத் திரும்பியிருந்தன. பழுதுபார்க்கும் திறனை மீட்டதால் கட்டி தப்பியது. மருந்து எந்தக் குறையைப் பயன்படுத்திக் கொல்கிறது என்பதற்கு மனித உடலிலேயே கிடைத்த சாட்சி இது. அமெரிக்க எஃப்.டி.ஏ. அதே ஆண்டு விரைவு வழித் தகுதி அளித்தது.

அளவை ஏற்ற முடியாமல் தடுத்தது வெயில். மருந்து எடுத்துக்கொண்டவர்களின் தோலும் கண்களும் ஒளியைத் தாங்கவில்லை. இந்தக் கூச்சம் மூலக்கூறின் வேதி அமைப்பால் வருவது, நான்கிழையைப் பற்றுவதால் வருவதல்ல என்று அதே ஆய்வு ஆய்வகச் சோதனையில் காட்டியது. வேறு அமைப்பில் செய்தால் தவிர்க்கலாம் என்பது இதன் நல்ல பக்கம்.

ஆனால் மற்றொரு கேள்வி இன்னும் ஆழமானது. கொல்வது உண்மையில் நான்கிழைப் பிணைப்புதானா? 2020-ல் டொராண்டோவில் டேனியல் டூரோஷே குழு, டி.என்.ஏ.வைத் தாக்கும் 27 பொருட்களைக் கொண்டு கிரிஸ்பர் முறையில் ஒரு பெரும் வரைபடம் தயாரித்தது. எந்த மரபணுவை நீக்கினால் எந்தப் பொருளுக்குச் செல் பணிகிறது என்ற கைரேகை அது. சிஎக்ஸ்-5461-ம் பைரிடோஸ்டாட்டினும் டோபோஐசோமரேஸ்-2 நொதியை டி.என்.ஏ.மேல் சிக்கவைத்துக் கொல்கின்றன என்று அந்த ஒப்பீடு காட்டியது. எட்டோபோசைட் என்ற பழைய கீமோ மருந்தின் வழியும் அதுதான். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் வேறு குழுக்களும் சிஎக்ஸ்-5461 குறித்து இதே முடிவுக்கு வந்தன. டோபோஐசோமரேஸைத் தாக்கும் ஃப்ளூரோகுயினோலோன் குடும்பத்திலிருந்து இந்த வரிசை தொடங்கியது என்பதை நினைத்தால் இது முற்றிலும் எதிர்பாராததும் அல்ல. பின்னர் செரீனா நிக்-சைனல் குழுவின் ஆய்வு, வளர்ப்பு மனிதச் செல்களில் சிஎக்ஸ்-5461 ஏராளமான மரபணு மாற்றங்களை விதைப்பதை வெளியிட்டது.

கட்டி சுருங்கினால் போதாதா, எப்படிச் சுருங்கியது என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிஸ்பிளாட்டினின் வழி முழுதும் விளங்கும் முன்பே அது உயிர் காத்தது உண்மைதான். ஆனால் இங்கே வழிமுறை முடிவைத் தீர்மானிக்கிறது. எட்டோபோசைட் எடுத்தவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகளில் ரத்தப்புற்று வருவது மருத்துவர்கள் அறிந்தது. சிஎக்ஸ்-5461-ன் வழியும் அதுவே என்றால், அதைப் பிஆர்சிஏ மாற்றத்துடன் பிறந்த, இன்னும் பல ஆண்டுகள் வாழ வேண்டிய இளம்பெண்ணுக்குக் கொடுப்பதும், மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட முதிய நோயாளிக்குக் கொடுப்பதும் வெவ்வேறு முடிவுகள். பழுதுபார்க்கும் திறன் இழந்த செல்கள் டோபோஐசோமரேஸ் முறிவுகளுக்கும் பணியும் என்பதால், கனடாச் சோதனையில் கிடைத்த அந்தச் சாட்சிகூட நான்கிழையைத் தனியே நிரூபித்துவிடவில்லை. இரண்டு வழிகளும் ஒரே செல்லில் ஒன்றோடொன்று பின்னியிருக்கலாம். நகலெடுப்பு தடைபடும் இடங்களில் டோபோஐசோமரேஸும் வேலை பார்க்கிறது. அதைப் பிரித்துக் காட்டும் சோதனைகள் மருத்துவமனைக்கு வரும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

புற்றுநோய்க்கு அப்பால்

வைரஸ்களிலும் ஒட்டுண்ணிகளிலும் இந்த மடிப்புகள் உண்டு. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் சாரா ரிக்டர் குழு, எச்.ஐ.வி.யின் மரபணுக்களை இயக்கும் எல்டிஆர் பகுதியில் நான்கிழை மடிப்பு இருப்பதையும், பிராக்கோ-19 வைரஸைத் தடுப்பதையும் காட்டியது. புற்றுநோயில் கைவிடப்பட்ட குவார்ஃப்ளாக்சின் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வதாக 2018-ல் ஒரு ஆய்வு சொன்னது. ஏஎல்எஸ் என்ற நரம்புச் சிதைவு நோய் உள்ளவர்களில் சிலரிடம் சி-9-ஓஆர்எஃப்-72 மரபணுவின் ஜி-ஜி-ஜி-ஜி-சி-சி தொடர் நூற்றுக்கணக்கில் பெருகிவிடும். அதிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. மடிப்பைப் பற்றும் மூலக்கூறுகள் நோயாளிகளின் நரம்புச் செல்களிலும் பழ ஈக்களிலும் நச்சுப் புரதத்தைக் குறைத்தன.

இவற்றில் கடைசியானது மற்றவற்றைவிட நம்பத்தகுந்தது. காரணம், அங்கே இலக்கு ஒரே மூலக்கூறில் நூற்றுக்கணக்கில் திரண்டிருக்கிறது. மூலக்கூறு அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். ஆர்.என்.ஏ. பற்றிய பொதுவான நம்பிக்கைக்கோ 2016-ல் பெரும் சவால் வந்தது. டேவிட் பார்ட்டெலின் ஆய்வகம், சோதனைக் குழாயில் அழகாக மடியும் ஆர்.என்.ஏ. தொடர்கள் நம்முடையதைப் போன்ற செல்களுக்குள் பெரும்பாலும் அவிழ்ந்தே கிடக்கின்றன என்று காட்டியது. அதன்பின் நடந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்தியாவிலும் இத்துறை வேரூன்றியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சந்தனு பட்டாச்சார்யா, கொல்கத்தாவின் ஐ.ஏ.சி.எஸ். நிறுவனத்தில் ஜோதிர்மயி தாஷ், மும்பை ஐ.ஐ.டி.யில் பி.ஐ. பிரதீப்குமார் ஆகியோர் புதிய மூலக்கூறுகளை வடிவமைத்திருக்கிறார்கள். டெல்லியில் சாந்தனு சௌத்ரி, மரபணுக் கட்டுப்பாட்டில் இந்த மடிப்புகளின் பங்கை நெடுங்காலமாக ஆராய்கிறார். காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதியில் மூன்றில் இரண்டு பங்கு குவானினும் சைட்டோசினும்தான் என்பதால், இந்தியாவுக்கு அந்தத் திசை இன்னும் பொருத்தமானது.

இனி கேட்க வேண்டியவை

நீடிலின் ஆய்வகம் 2015-ல் எம்எம்-41 என்ற நாஃப்தலீன் டையிமைடு வகை மூலக்கூறைக் கணையப் புற்றுநோய் எலிகளில் சோதித்தது. கட்டியின் வளர்ச்சி சுமார் 80 சதவீதம் குறைந்தது. இரண்டு எலிகள் 279 நாட்களுக்குப் பிறகும் கட்டியின்றி உயிரோடிருந்தன. கணையப் புற்றுநோயில் இத்தகைய பலன் அரிது. அந்த வரிசையின் வாரிசான க்யூஎன்-302, 2023-ல் எஃப்.டி.ஏ.யின் அரியநோய் மருந்துத் தகுதியைப் பெற்று, அதே ஆண்டு மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்குச் சென்றது. ஒரு மரபணுவைத் தேடும் பழைய கனவை அது விட்டுவிட்டது. கட்டியில் பல மரபணுக்களை ஒருசேர அடக்குவதே அதன் நோக்கம். துறை தன் வரம்பை ஏற்று நேர்மையாக மாற்றிக்கொண்ட இலக்கு என்றே இதைப் பார்க்க வேண்டும்.

அந்த நேர்மை சோதனை வடிவமைப்பிலும் தெரிய வேண்டும். மூலக்கூறைக் கட்டுரையில் அறிமுகப்படுத்தும்போதே, உருகுநிலை டிகிரிகளோடு சேர்த்து, டோபோஐசோமரேஸைச் சிக்கவைக்கிறதா என்ற சோதனையும் ஹெர்க் சோதனையும் இடம்பெற வேண்டும். நான்கிழையைப் பற்ற முடியாதபடி சிறு மாற்றம் செய்த இரட்டை மூலக்கூறும் அதே செல்லில் சோதிக்கப்பட வேண்டும். அதுவும் கொன்றால், இலக்கு வேறு எங்கோ இருக்கிறது. 22 மார்பகப் புற்றுக் கட்டிகளை எலிகளில் வளர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, நான்கிழை மடிப்புகள் கட்டிக்குக் கட்டி வேறுபடுவதைக் காட்டியிருக்கிறது. ஆகவே நோயாளியின் பயாப்சியிலேயே மருந்துக்கு முன்னும் பின்னும் மடிப்புகளை எண்ணிப் பார்ப்பதும், டி.என்.ஏ. பழுதுபார்க்கும் திறனைச் சோதித்த பிறகே நோயாளியைச் சேர்ப்பதும் இனி முதல் கட்டத்திலேயே சாத்தியம். பிஜி-4 ஆன்டிபாடி அதற்கான கருவி. அது பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் இருக்கிறது. அடுத்து வரும் மூலக்கூறு இந்தச் சோதனைகளுடன் நோயாளியிடம் வந்தால், வென்றாலும் தோற்றாலும் எதனால் என்று சொல்ல முடியும். இதுவரை நடந்த மனிதச் சோதனைகளில் எதைப் பற்றியும் அப்படி முழுமையாகச் சொல்ல முடியவில்லை.